குரல் வராத ஸ்கேனர்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

அமெரிக்காவில் கையடக்க ரேடியோ ஸ்கேனர் (காவல், தீயணைப்பு போன்ற துறைகளின் ரேடியோ பேச்சைத் தேடிக் கேட்கும் கருவி) வாங்குகிறவர்களில் பலரும் ஒரே காரணத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். தெருவில் தீயணைப்பு வண்டி விரையும்போதும், சூறாவளி எச்சரிக்கை வரும்போதும் தங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்பதை உடனே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறை அது. ஆனால் கருவியை இயக்கிய முதல் நாளே எண்கள் ஓடுகின்றன, விளக்கு எரிகிறது, குரல் மட்டும் வருவதில்லை. உடனே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ப்ரோகிராம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லாத வேலை. குரல் வராததற்குக் காரணம் எதுவாக இருந்தாலும் அதன் அடையாளம் திரையில் தெரியும். முதலில் அதைப் படிக்க வேண்டும். பிறகுதான் ப்ரோகிராமில் கை வைக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் யூனிடன் நிறுவனத்தின் பி.சி.டி.436எச்.பி., எஸ்.டி.எஸ்.100 ஆகிய மாடல்களையும், அவற்றைக் கணினியிலிருந்து ப்ரோகிராம் செய்யும் சென்டினல் மென்பொருளையும் மனத்தில் வைத்து எழுதியது. விஸ்லர் போன்ற பிற கருவிகளில் மெனுவின் பெயர்கள் மாறும். கோளாறின் தர்க்கம் மாறாது.

ஓர் அடிப்படையை மட்டும் முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். சாதாரண சேனல் என்றால் ஒரு குழுவுக்கு ஓர் அலைவரிசை. அதை எழுதி வைத்தால் போதும். டிரங்கிங் அமைப்பில் அப்படியில்லை. பத்துப் பதினைந்து அலைவரிசைகளைக் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், சாலைத்துறை எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. கண்ட்ரோல் சேனல் என்ற ஓர் அலைவரிசை மட்டும் இடைவிடாமல் தரவை ஒலிபரப்பியபடி, “இந்த டாக்குரூப்பின் பேச்சு இப்போது இந்த அலைவரிசையில்” என்று ஒவ்வொரு அழைப்புக்கும் வழிகாட்டுகிறது. டாக்குரூப் என்பது வெறும் அடையாள எண். அந்த எண்ணுக்குச் சொந்தமான அலைவரிசை என்று எதுவும் கிடையாது. டாக்குரூப்பைச் சேனலைப் போல எண்ணிக்கொண்டு ப்ரோகிராம் செய்வதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. அமெரிக்க அரசு நிறுவனமான நோவாவின் வானிலை ஒலிபரப்பு 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் ஒன்றாவது தெளிவாகக் கேட்டால் ஒலிபெருக்கியும், வெற்று இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சும் நலம். ஆன்டெனாவும் அடிப்படையில் வேலை செய்கிறது. எதுவுமே கேட்கவில்லை என்றால் டாக்குரூப் பட்டியலைத் தொடவே வேண்டாம். ஆன்டெனா சரியாகத் திருகப்பட்டிருக்கிறதா, ஸ்குவெல்ச் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 800 மெகாஹெர்ட்ஸுக்கென்று செய்த குட்டை ஆன்டெனாவைப் போட்டிருந்தால் வானிலை ஒலிபரப்பு மங்கலாகத்தான் கேட்கும். அது கோளாறு அல்ல.

“ஸ்கேன் செய்ய எதுவுமில்லை” என்று திரை சொல்கிறது

இது மிக எளிதில் தீரும் சிக்கல். சேனல்கள் கருவிக்குள் இருக்கின்றன. ஏதோ ஒரு கதவு மூடியிருக்கிறது. யூனிடனில் அப்படிப்பட்ட கதவுகள் பல. நீங்கள் தொகுத்த ஃபேவரிட்ஸ் பட்டியலைக் கண்காணிக்கும் வசதி அணைந்திருக்கலாம். பட்டியலுக்கோ, சிஸ்டத்துக்கோ, அதற்குள் இருக்கும் துறைக்கோ கொடுத்த குவிக் கீ (ஒரே எண்ணால் இயக்கி அணைக்கும் விசை) அணைந்திருக்கலாம். தெரியாமல், ஒன்றைத் தவிர்க்கச் சொல்லும் அவாய்ட் பொத்தானை அழுத்தியிருக்கலாம். இருப்பிடத்தை வைத்துத் தேர்வு செய்யும் வசதி இயங்கினால், நீங்கள் அந்தத் துறையின் எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருவி முடிவு செய்திருக்கலாம்.

பலரும் கவனிக்காத கதவு, சேவை வகை. ஒவ்வொரு சேனலுக்கும் தீயணைப்பு, காவல், மருத்துவ உதவி, பொதுப்பணி என்று ஒரு வகை ஒட்டப்பட்டிருக்கும். அந்த வகை அணைந்திருந்தால், டாக்குரூப் பட்டியலில் இருந்தாலும் ஸ்கேனர் அதைத் தாண்டிப் போய்விடும். நீங்களே கைப்படச் சேர்த்த டாக்குரூப்களில் இது அடிக்கடி நேர்கிறது; அவற்றுக்கு எந்த வகை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்த வகையை இயக்குங்கள். தீயணைப்பு கேட்கிறது, பள்ளிப் பேருந்து மட்டும் கேட்கவில்லை என்பது போன்ற புகார்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

ஸ்கேன் ஓடுகிறது, மணிக்கணக்கில் ஒரு குரலும் இல்லை

இங்கே ஒரே ஒரு சோதனை வழியை இரண்டாகப் பிரித்துவிடும். அந்த சிஸ்டத்தை ஐ.டி. ஸ்கேன் முறையிலிருந்து ஐ.டி. சர்ச் முறைக்கு மாற்றுங்கள். ஐ.டி. ஸ்கேன் உங்கள் பட்டியலில் உள்ள டாக்குரூப்களுக்கு மட்டும் நிற்கும், ஐ.டி. சர்ச் கண்ட்ரோல் சேனல் அறிவிக்கும் எல்லாவற்றுக்கும் நிற்கும். மாற்றியதும் குரல்கள் வரத் தொடங்கினால் சிக்னலும் சைட்டும் (ஒலிபரப்பும் கோபுரம் அல்லது கோபுரத் தொகுதி) சரி, பிழை பட்டியலில்தான். அப்போதும் மௌனம் என்றால் பட்டியலை மறந்துவிட்டு கண்ட்ரோல் சேனலைத் தேடுங்கள்.

முதல் நிலை: பிழை பட்டியலில். டாக்குரூப் எண்களை மறுபடி சரிபாருங்கள். சில ஆவணங்கள் எண்களைப் பதின்ம முறையிலும் சில பதினறும (ஹெக்ஸ்) முறையிலும் கொடுக்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்றாக எழுதினால் எண் செல்லுபடியாகும், ஆனால் அந்த எண்ணில் யாரும் பேச மாட்டார்கள். பழைய மோட்டரோலா டைப் 2 அமைப்புகளில் டாக்குரூப் எண்கள் 16இன் மடங்குகளாகவே இருக்கும். மிச்சம் வரும் எண்கள் அவசர அழைப்பு, குறியாக்கம் போன்ற நிலையைக் குறிப்பவை. 16ஆல் வகுபடாத எண்ணை நிரந்தர டாக்குரூப்பாக எழுதியிருந்தால் திருத்துங்கள். எடாக்ஸ் என்ற மற்றொரு டிரங்கிங் வகையில் ஏஜென்சி, ஃப்ளீட், சப்ஃப்ளீட் என்று பிரித்து எழுதும் வடிவம் தனி.

இரண்டாம் நிலை: கண்ட்ரோல் சேனல் பிடிபடவில்லை. அதன் அலைவரிசையைத் தனிச் சேனலாக எஃப்.எம். முறையில் வைத்துக் கேளுங்கள். கண்ட்ரோல் சேனல் உயிரோடு இருந்தால் வண்டின் ரீங்காரம் போல ஒரே சீரான இரைச்சல் விடாமல் கேட்கும். விட்டுவிட்டு வந்தால் அது குரல் அலைவரிசை. எதுவுமே இல்லை என்றால் அந்த சைட் உங்களுக்கு எட்டவில்லை. பி25 என்ற டிஜிட்டல் தரத்தில் இயங்கும் அமைப்புக்குக் கண்ட்ரோல் சேனல்களை எழுதினால் பெரும்பாலும் போதும். குரல் அலைவரிசைகளை அமைப்பே அறிவித்துவிடும். ஆனால் முதன்மைக் கண்ட்ரோல் சேனலோடு மாற்றுக் கண்ட்ரோல் சேனல்களையும் எழுதி வையுங்கள். அமைப்பு அவற்றுக்கிடையே மாறும் நாளில், ஒன்றை மட்டும் எழுதியவருக்கு எல்லாம் நின்றுவிடும்.

இனி இந்தப் பிரிவிலேயே கடினமான பகுதி: எந்த சைட்டைக் கேட்பது என்ற கேள்வி. மிச்சிகன் மாநிலத்தின் பொதுப் பாதுகாப்பு ரேடியோ வலையமைப்பான எம்.பி.எஸ்.சி.எஸ். போன்ற மாநிலம் தழுவிய அமைப்புகளில் 200க்கும் மேற்பட்ட கோபுரங்கள் உள்ளன. ஒரு டாக்குரூப்பின் பேச்சு எல்லாக் கோபுரங்களிலும் ஒலிபரப்பாவதில்லை. அந்த டாக்குரூப்பில் இருக்கும் ரேடியோ ஒன்றாவது ஒரு சைட்டில் பதிவு செய்துகொண்டிருந்தால்தான் அந்த சைட் அந்தப் பேச்சைச் சுமக்கும். அலைவரிசை வளத்தை வீணாக்காமல் இருக்க அமைப்பு அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுக்கு மிக வலுவாக எட்டும் கோபுரம் பக்கத்துக் கவுண்டியினுடையதாக (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) இருந்தால், எல்லாக் கட்டங்களும் நிரம்பிய சிக்னலோடு அந்தக் கவுண்டியின் பேச்சைத்தான் கேட்பீர்கள். உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் ரேடியோ அந்தக் கோபுரத்தில் பதிவாகாத வரை அதன் குரல் அங்கே வராது. சிக்னல் சற்றுக் குறைவாக இருந்தாலும் உங்கள் கவுண்டியின் சைட்டை மட்டும் இயக்கிவிட்டு மற்றவற்றை அணைப்பதே வழி.

மாநிலத்தின் முழுத் தரவையும் கருவியில் ஏற்றிவிட்டு “எல்லாம் வரட்டும்” என்று காத்திருப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சைட், மூன்று நான்கு டாக்குரூப்கள். அது ஓடிய பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம். கோளாறு வந்தால் தேட வேண்டிய இடமும் அப்போது சிறியதாக இருக்கும்.

டாக்குரூப் எண் திரையில் தோன்றுகிறது. குரல் மட்டும் இல்லை

எண் தோன்றுகிறது என்பது நல்ல செய்தி: கண்ட்ரோல் சேனலை ஸ்கேனர் படித்துவிட்டது. இனி சந்தேகம் இரண்டு.

ஒன்று, கருவியின் தலைமுறை. பி25 ஃபேஸ் 2 அமைப்புகள் ஒரே 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை நேரத்தால் இரண்டாகப் பிரித்து இரு உரையாடல்களை அனுப்புகின்றன. ஆனால் கண்ட்ரோல் சேனல் மட்டும் பழைய ஃபேஸ் 1 முறையிலேயே இருக்கிறது. ஆகவே பி.சி.டி.396எக்ஸ்.டி. போன்ற ஃபேஸ் 1 ஸ்கேனர் கண்ட்ரோல் சேனலைத் தடையின்றிப் படிக்கும், எண்ணைக் காட்டும், குரலுக்குப் போனதும் ஊமையாகிவிடும். பழைய கருவியைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் மாதக்கணக்கில் ப்ரோகிராமைத் திருத்திக்கொண்டிருப்பது இதனால்தான். எந்தத் திருத்தமும் பலிக்காது; வன்பொருள் அந்தக் குரலைப் பிரிக்கும் திறன் கொண்டதல்ல. சில அமைப்புகளில் இன்னொரு விசித்திரம் உண்டு: ஃபேஸ் 1 மட்டுமே தெரிந்த பழைய ரேடியோ ஒன்று அந்த டாக்குரூப்பில் சேர்ந்தால், அழைப்பு தானாகவே ஃபேஸ் 1 முறைக்கு இறங்கிவிடும். அதனால் ஒரே டாக்குரூப் காலையில் கேட்டு மாலையில் கேட்காமல் போகலாம். ஆன்டெனாவைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இதே வகையில், டி.எம்.ஆர். என்ற வேறொரு டிஜிட்டல் தரத்தில் இயங்கும் அமைப்புகளைக் கேட்க யூனிடன் கருவிகளில் தனியாகப் பணம் கட்டித் திறக்கும் மேம்பாடு தேவைப்படும். அதை வாங்காமல் டி.எம்.ஆர். சேனலை எழுதினாலும் பயனில்லை.

இரண்டு, குறியாக்கம். பல மாடல்களில் திரையில் அதற்கான குறி தோன்றும். ஏ.இ.எஸ். 256 போன்ற குறியாக்கம் போடப்பட்ட பேச்சை எந்த செட்டிங்கை மாற்றினாலும், எந்த ஸ்கேனராலும் திறக்க முடியாது; திறக்க முயல்வது சட்டப்படியும் குற்றம். கலிஃபோர்னியாவில் தனிநபர் விவரங்களைக் காக்கச் சொல்லி மாநில நீதித்துறை 2020இல் அனுப்பிய குறிப்புக்குப் பிறகு பல காவல்துறைகள் முழுக் குறியாக்கத்துக்குப் போயின. நியூயார்க் காவல்துறையும் 2023இல் புரூக்ளினில் தொடங்கியது. தீயணைப்பும் மருத்துவ உதவியும் பல ஊர்களில் இன்னும் திறந்தே இருக்கின்றன. வெள்ளமோ தீயோ வரும்போது அக்கம்பக்கத்தாருக்கு உண்மையில் பயன்படுவது அந்தப் பேச்சுதான் என்பதால், அதையாவது பொதுமக்கள் கேட்கும்படி விட்டுவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறியாக்கம் உள்ள டாக்குரூப்களை நிரந்தரமாக அவாய்ட் செய்துவிடுங்கள். அவற்றில் நின்று நின்று நகர்வதில் ஸ்கேனர் மற்ற அழைப்புகளைத் தவறவிடும்.

சட்டம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஸ்கேனர் வைத்திருப்பது பொதுவாக அனுமதிக்கப்பட்டது என்றாலும், செல்பேசி உரையாடலைக் கேட்பதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்த அலைவரிசைகள் கருவியிலேயே அடைக்கப்பட்டிருக்கும். 869 முதல் 894 வரை எழுத முயன்று கருவி மறுத்தால் அது பழுது அல்ல. நியூயார்க், ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்கள் காரில் ஸ்கேனர் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துகின்றன. விடுமுறைக்குத் தமிழ்நாடு வருகிறவர்கள் இந்தக் கருவியைப் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவில் வானொலிக் கருவி வைத்திருப்பதற்கான விதிகள் முற்றிலும் வேறு.

சிக்னல் கட்டம் நிரம்பியிருக்கிறது. குரல் உடைந்து உடைந்து வருகிறது

அமெரிக்க நகரங்களில் ஸ்கேனர் வைத்திருப்பவர்களை அதிகம் வாட்டுவது இதுதான். இதன் பெயர் சைமல்காஸ்ட் சிதைவு. ஒரு கவுண்டி முழுவதையும் மூட, பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. கோபுரங்களின் கடிகாரங்கள் துல்லியமாக ஒத்துப்போகின்றன; ஆனால் உங்களுக்கும் கோபுரங்களுக்கும் இடையிலான தூரம் ஒன்றல்ல. பி25 ஃபேஸ் 1 நொடிக்கு 4800 குறியீடுகள் அனுப்புகிறது. அப்படியானால் ஒரு குறியீட்டின் ஆயுள் ஏறத்தாழ 208 மைக்ரோ நொடி. ஒரு கோபுரம் இன்னொன்றைவிட 16 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அதன் அலை 53 மைக்ரோ நொடி தாமதமாக வரும், அதாவது குறியீட்டின் கால்பங்கு. இரண்டும் சமமான வலிமையில் வந்து மோதினால் ஸ்கேனருக்கு முந்தைய குறியீடும் அடுத்த குறியீடும் கலந்து போகும். சிக்னல் கட்டங்கள் நிரம்பியிருப்பது அதனால்தான். வலிமைக்குக் குறைவில்லை, தெளிவுக்குத்தான் குறைவு.

அதனால் பெரிய ஆன்டெனா வாங்குவது இங்கே நிலைமையைக் கெடுக்கவும் கூடும். செய்ய வேண்டியது ஒரு கோபுரத்தை மற்றவற்றைவிடத் தெளிவாக வலுப்படுத்துவது. முதலில் சிக்னலின் வலிமையைக் குறைக்கும் அட்டெனுவேட்டரை இயக்கிப் பாருங்கள். பிறகு கருவியை வீட்டுக்குள் நகர்த்துங்கள்: சன்னலுக்கு அருகே, சுவரோரம், அடித்தளத்தில்கூட. சில அடி நகர்த்தினாலே உடைந்த பேச்சு தெளிவாவதைக் காணலாம். சுவர் தொலைவிலுள்ள கோபுரத்தை மறைத்துவிட்டது என்று பொருள். வீட்டில் ஒரே இடத்தில் வைத்துக் கேட்பவர் என்றால் ஒரே திசையிலிருந்து அதிகம் வாங்கும் யாகி ஆன்டெனாவை அருகிலுள்ள கோபுரத்தை நோக்கித் திருப்புவது நல்ல பலன் தரும்.

இவை எல்லாம் செய்தும் தீராவிட்டால் கருவியின் உள்ளமைப்பே காரணம். பெரும்பாலான ஸ்கேனர்கள் சாதாரண எஃப்.எம். முறையில் அலையைப் பிரித்து எடுக்கின்றன. சைமல்காஸ்ட் அமைப்புகள் பயன்படுத்தும் பண்பேற்றத்துக்கு அது பொருந்துவதில்லை. யூனிடன் 2018இல் வெளியிட்ட எஸ்.டி.எஸ்.100 அலையின் வீச்சையும், அது தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்கும் ஐ.க்யூ. ரிசீவரோடு வந்ததற்குக் காரணமே இந்தச் சிக்கல்தான். அதிலும் கொஞ்சம் மிச்சமிருந்தால் ஃபில்டரை நார்மல், இன்வர்ட், வைடு நார்மல், வைடு இன்வர்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரு வீட்டில் சரியாகும் ஃபில்டர் அடுத்த தெருவில் சரியாகாது. திரையில் தெரியும் நாய்ஸ் அளவைப் பார்த்துக்கொண்டே மாற்றினால் காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

பக்கத்தில் பண்பலை வானொலிக் கோபுரம் இருந்தால் அதன் ஆற்றல் கருவியின் முன்பகுதியைத் திணறடிப்பதும் உண்டு. வி.எச்.எஃப். அலைவரிசைகள் எல்லாம் சேர்ந்தே மந்தமாகிவிட்டால் 88 முதல் 108 வரை தடுக்கும் வடிகட்டியை ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவே பொருத்துங்கள்.

கேள்வி கேட்கிறது, பதில் கேட்பதில்லை

பெரும்பாலும் டிலே, அதாவது பேச்சு முடிந்த பிறகும் அதே சேனலில் காத்திருக்கும் நேரம், பூஜ்யத்தில் இருக்கும். ஒருவர் பேசி முடித்ததும் ஸ்கேனர் அடுத்த சேனலுக்கு ஓடிவிடுகிறது. இரண்டு நொடி கொடுங்கள். தீயணைப்பு நிலையங்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவும் கொடுக்கலாம். மற்றொரு காரணம் ஸ்கேனருக்கு வேலை அதிகம்: பத்து சிஸ்டங்களைச் சுற்றிவருவதற்குள் பதில் முடிந்துவிடுகிறது. முக்கியமான நிகழ்வின்போது மற்றவற்றைக் குவிக் கீயால் அணைத்துவிடுங்கள்.

எடாக்ஸ் அமைப்பில் மட்டும் வேறொரு காரணம் உண்டு. அங்கே அலைவரிசைகளுக்கு எல்.சி.என். என்ற வரிசை எண் இருக்கிறது; கண்ட்ரோல் சேனல் அந்த எண்ணைத்தான் அறிவிக்கிறது. வரிசை ஒன்று தவறினாலும் ஸ்கேனர் வேறு அலைவரிசைக்குப் போய் சம்பந்தமில்லாத பேச்சின் நடுப்பகுதியைத் தரும்.

குரல் தேய்ந்து வருகிறது, அல்லது அடைத்தாற்போல் கேட்கிறது

2013 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் 150–174, 421–470 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் பெரும்பாலான உரிமதாரர்கள் 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய அகலத்துக்கு மாற வேண்டியிருந்தது. அந்தச் சேனலை எஃப்.எம். என்று வைத்திருந்தால் ஒலி மெலிந்திருக்கும், என்.எஃப்.எம். (குறுகிய எஃப்.எம்.) என்று மாற்றுங்கள். அகலமான ஒலிபரப்பை என்.எஃப்.எம். முறையில் கேட்டால் உரத்த இடங்களில் கரகரக்கும். விமானங்கள் பேசுவது ஏ.எம். முறையில், 118 முதல் 137 வரை, எஃப்.எம். என்று வைத்தால் தெளிவே இராது. சேனல் அவ்வப்போது சிக்னல் காட்டியும் திறக்காமலே இருந்தால், எழுதிய சி.டி.சி.எஸ்.எஸ். தொனி (பேச்சோடு சேர்ந்து வந்து சேனலைத் திறக்கும் மெல்லிய ஒலி) தவறு. தொனியைத் தேடல் முறையில் வைத்து ஒரு நாள் விடுங்கள். கருவியே சரியான எண்ணைக் காட்டிவிடும்.

கணினியில் சரியாக இருக்கிறது, ஸ்கேனரில் இல்லை

சென்டினலில் சேமிப்பதும் ஸ்கேனரில் எழுதுவதும் வேறு வேறு செயல்கள். சேமித்த பிறகு ஸ்கேனருக்கு எழுதும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ப்ரொஃபைலில் அந்த ஃபேவரிட்ஸ் பட்டியலுக்கு நேரே டவுன்லோட், மானிட்டர் இரண்டு பெட்டிகளும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் பெட்டி இல்லாவிட்டால் பட்டியல் கருவிக்குப் போகாது. இரண்டாவது இல்லாவிட்டால் போகும், ஸ்கேன் ஆகாது. கேபிளைச் செருகியதும் கருவி கேட்கும் கேள்விக்கு மாஸ் ஸ்டோரேஜ் என்று பதில் கொடுங்கள். சீரியல் முறையில் சென்டினலுக்கு அட்டை தெரியாது. எழுதி முடித்ததும் கணினியில் முறைப்படி வெளியேற்றிவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். பாதியில் இழுத்தால் மைக்ரோ எஸ்.டி. அட்டையில் உள்ள கோப்புகள் கெடும்.

நேற்று வரை நன்றாக இருந்தது

நீங்கள் எதையும் தொடவில்லை என்றால் அமைப்பு மாறியிருக்கிறது. கவுண்டிகள் ஃபேஸ் 1இலிருந்து ஃபேஸ் 2க்குப் போகின்றன, புதிய சைட்கள் சேர்கின்றன, கண்ட்ரோல் சேனல்கள் மாறுகின்றன. சென்டினலின் தரவுத்தளம் வாரந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. முதலில் அதைப் புதுப்பியுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தரவுத்தளம் புதியதானாலும் ஃபேவரிட்ஸ் பட்டியலில் நீங்கள் முன்பு நகலெடுத்தது அப்படியே பழையதாகத்தான் இருக்கும். மாறிய சிஸ்டத்தைப் புதிய தரவுத்தளத்திலிருந்து மறுபடி பட்டியலில் சேர்த்து, குவிக் கீகளையும் சேவை வகைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். பழைய பட்டியலை உடனே அழிக்காமல் வேறு பெயரில் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் படிப்படியாக நடக்கும் கவுண்டிகளில் பழைய சைட் இன்னும் சில வாரம் பேசிக்கொண்டிருக்கலாம்.